முதலில் இறுகும், அப்புறம் இளகும்: பீஃப் ஸ்டூ எப்படி வேகிறது?

ஆட்டுக்கால் பாயா குடித்தவர்களுக்கு இது தெரியும். கிண்ணம் காலியான பிறகு விரல் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டும். உதட்டிலும் ஒரு பிசுபிசுப்பு நிற்கும். மிளகும் சீரகமும் தரும் ருசி வேறு, இந்தப் பிசுபிசுப்பு வேறு. இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஐரோப்பாவின் குளிர் ஊர்களில் மதியம் முழுக்க அடுப்பில் கிடக்கும் பீஃப் ஸ்டூவின் சூட்சுமம் பாதி பிடிபட்டுவிடும்.

ஸ்டூ என்பது எளிய சமையல். பெரிய துண்டுகளாக வெட்டிய மாட்டுக்கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு சேர்த்து, துண்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீரோ எலும்புச் சாறோ ஊற்றி, சிறு தீயில் இரண்டரை, மூன்று மணி நேரம் வேகவிடுவார்கள். பிரான்சில் பர்கண்டிக்காரர்கள் சிவப்பு வைன் ஊற்றுவார்கள். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் பியர் ஊற்றுவார்கள். ஹங்கேரியில் நிறைய வெங்காயமும் பாப்ரிகா மிளகாய்த்தூளும் போடுவார்கள். ஊற்றுவது ஊருக்கு ஊர் மாறினாலும் பாத்திரத்துக்குள் நடப்பது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். செய்முறையும் போகிற போக்கில் வந்துவிடும்.

முதலில் கறி. ஒரு துண்டு இறைச்சியைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் இரண்டு பொருள்கள் தெரியும். ஒன்று சிவப்பான தசை. நூல் நூலாக, கட்டுக்கட்டாக இருக்கும். இன்னொன்று அந்தக் கட்டுகளைச் சுற்றிப் பிடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சவ்வு. பளபளவென்று, கத்திக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு போகுமே, கடையில் ‘ஜவ்வு’ என்பார்களே, அதுதான். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம்.

விலங்கு எந்தத் தசையை அதிகம் உழைக்க வைக்கிறதோ அங்கே இந்தச் சவ்வு அதிகம். நாள் முழுக்க நடக்கிற, நிற்கிற, தலையைத் தூக்கி இறக்குகிற உடம்பில் தோள்பட்டை, முன்னங்கால், கழுத்து, நெஞ்சு எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் கிடக்கும் அண்டர்கட் பகுதிக்கு வேலையே கிடையாது. அதனால் அது மென்மை, விலையும் கூடுதல். புதிதாகச் சமைப்பவர்கள் ‘நல்ல கறி’ என்று நினைத்து அதைத்தான் வாங்குவார்கள். தயவுசெய்து ஸ்டூவுக்கு அதை வாங்காதீர்கள். அது ஐந்து நிமிடம் கல்லில் வாட்டிச் சாப்பிட வேண்டிய கறி. மூன்று மணி நேரம் வேகவைத்தால் வறண்டு சக்கையாகிவிடும், ஏனென்றால் அதில் கரைவதற்கு ஒன்றுமில்லை.

நான் கடையில் கேட்பது இப்படித்தான்: “பாய், தோள்பட்டையில எலும்பில்லாம ஒரு கிலோ. குழம்புக்கு வெட்டுற மாதிரி வேண்டாம், ஒவ்வொண்ணும் பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கட்டும்.” அவர் கத்தியை எடுத்துக்கொண்டே, “ஜவ்வை எடுத்துடட்டுமா?” என்பார். “வேண்டாம் பாய், அதுவும் இருக்கட்டும்.” ஓரத்தில் தடியாகத் தோல் மாதிரி இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லலாம். தசைக்கு உள்ளே கோடு கோடாக ஓடுவது அவசியம் வேண்டும். துண்டு பெரிதாக இருப்பதும் முக்கியம். வெந்து முடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

இப்போது கொலாஜனுக்கு வருவோம். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் முப்புரிக் கயிறு, இழுத்தாலும் அறாது. கொலாஜனும் அப்படியே. மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். பல்லால் கடித்தால் அறுக்க முடியாததற்குக் காரணம் இந்த முறுக்குதான். ஈரத்தோடு நீண்ட நேரம் சூடு கொடுத்தால் முறுக்கு தளர்ந்து புரிகள் பிரிந்துவிடும். பிரிந்த இழைகள் தண்ணீரில் கரையும். அப்படிக் கரைந்ததற்குப் பெயர் ஜெலட்டின். பாயாவில் விரலை ஒட்டவைப்பது இதுதான். ஸ்டூவின் சாற்றை மாவுக் கரைசல் போல் இல்லாமல் வழுவழுப்பாக ஆக்குவதும், கறியை வாயில் ஈரமாக உணரவைப்பதும் இதுதான்.

புரி பிரிவதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கறித்துண்டின் உள்ளே சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைப் புரதங்கள் இறுகத் தொடங்கும். 60 முதல் 65 டிகிரிக்குள் சுற்றியுள்ள கொலாஜன் சவ்வும் சுருங்கும். ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவது போல, சவ்வு தசையைப் பிழிந்து உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளும். அதாவது கறி வேகவேக முதலில் இன்னும் கடினமாகும், இன்னும் வறளும். 70 டிகிரிக்கு மேல் போனால்தான் கொலாஜன் குறிப்பிடத்தக்க வேகத்தில் ஜெலட்டினாக மாறும். அதுவும் நிமிடக் கணக்கில் நடக்காது, மணிக்கணக்கு ஆகும்.

அதனால் அடுப்பில் வைத்து முக்கால் மணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். நிறம் சாம்பல் கலந்த பழுப்பாக, முழுக்க வெந்தது போலவே இருக்கும். ஆனால் கடித்தால் சவக் சவக்கென்று ரப்பர். முட்கரண்டியால் குத்தினால் துண்டே கூடத் தூக்கிக்கொண்டு வரும், இறங்காது. என் முதல் ஸ்டூவை நான் இந்தக் கட்டத்தில்தான் கெடுத்தேன். கறி சரியில்லை என்று நினைத்து, தீயைக் கூட்டி, மேலும் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு இறக்கிவிட்டேன். கறியில் எந்தக் குறையும் இல்லை. அது பாதி வழியில் இருந்தது, அவ்வளவுதான். அதே துண்டு ஒன்றே முக்கால் மணியில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இரண்டரை மணியில் முட்கரண்டியைச் சொருகி ஒரு திருகு திருகினால் நாலாகப் பிரியும். பிரிந்த இடத்தில் முன்பு வெள்ளைக் கோடாக இருந்தது இப்போது கண்ணாடி போலத் தெளிந்து நடுங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு கடிகாரம் தேவையில்லை.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நாலு, ஐந்து மணி நேரம் விட்டால் பிடித்து வைக்கச் சவ்வே இல்லாமல் தசை நார் நாராகப் பிரிந்து சாற்றில் மிதக்கும். அப்போது கறி மென்மையாகத் தெரிந்தாலும் வாயில் வறண்டிருக்கும். திருகினால் பிரிய வேண்டும், தொட்டாலே உதிரக்கூடாது.

சரி, தீ எவ்வளவு? பாத்திரத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து உடைந்தால் போதும். மேற்பரப்பு முழுக்கக் கொந்தளிக்கக்கூடாது. கொதி பலமாக இருந்தால் கறியின் வெளிப்புறம் கிழிந்து நாராகும், கொழுப்பு சாற்றோடு அடிபட்டுக் கலங்கிவிடும். அடிகனமான பாத்திரம், பொருத்தமான மூடி, மூடியில் விரற்கடை அளவு இடைவெளி. ஓவன் இருந்தால் 150 டிகிரியில் மூடி உள்ளே வைத்துவிடலாம். சூடு எல்லாப் பக்கமும் சமமாக வருவதால் அடிப்பிடிக்கும் கவலை குறைவு.

நம் ஊர்க் கடைகள் பலவற்றில் பீஃப் என்று கிடைப்பது எருமைக்கறி. விலங்குக்கு வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். வயதான விலங்கின் கறி என்றால் இன்னும் அரை மணியோ ஒரு மணியோ கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுச் செய்முறையில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, நமக்கு வேகவில்லையே என்று மனம் உடையாதீர்கள். முட்கரண்டி சொல்வதைக் கேளுங்கள்.

“குக்கர் இருக்கும்போது எதற்கு மூன்று மணி நேரம்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்லப்போனால் குக்கர் பிறந்ததே இந்த வேலைக்குத்தான். டெனி பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இருந்தபோது 1679-இல் ஒரு உலோகப் பாத்திரம் செய்தார். இறுக்கி மூடிய மூடி, நீராவி அளவுக்கு மீறினால் தானே திறந்துகொள்ளும் ஒரு வால்வு. எலும்பையும் கடினமான இறைச்சியையும் மென்மையாக்குவதற்கென்றே செய்தது அது. 1682-இல் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். அதில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டதை வியந்து தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. நம் வீட்டுக் குக்கரில் அழுத்தத்தால் 120 டிகிரி வரை போகும். அந்த இருபது டிகிரியில் கொலாஜன் பல மடங்கு வேகமாகக் கரையும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் வைத்தால் தோள்பட்டைக் கறி வெந்துவிடும். ஆனால் ஒன்று: அணைத்த பிறகு விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கும் சாறு ஒரே நேரத்தில் குபீரென்று கொதிக்கும். கறிக்குள் இருக்கும் ஈரமும் ஆவியாக வெளியேறும். தானாக அடங்கட்டும். குக்கரில் நீர் வற்றாது என்பதால் தண்ணீரையும் பாதியாகக் குறைத்து ஊற்ற வேண்டும். எனக்கு நேரம் இருந்தால் திறந்த பாத்திரத்தில் செய்வதே பிடிக்கும். மணிக்கணக்கில் மெல்ல வற்றும்போது சாற்றுக்கு வரும் கனம் குக்கரில் வருவதில்லை.

இதுவரை சொன்னது மென்மை. ருசி வேறு கதை. அது அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கறியை வறுப்பது எதற்கு? “சாறு வெளியே போகாமல் அடைப்பதற்கு” என்று பலர் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பரப்பிய எண்ணம் இது. பெரிய அறிஞர்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு. வறுத்த துண்டை வாணலியில் கவனியுங்கள், சுர்ரென்று சத்தம் விடாமல் வந்துகொண்டே இருக்கும். அது சாறு வெளியேறி ஆவியாகும் சத்தம். எதுவும் அடைபடவில்லை.

வறுப்பது நிறத்துக்கும் மணத்துக்கும். இறைச்சியில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் நல்ல சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களை உண்டாக்கும். 1912-இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த வினையை விவரித்தார். அவர் பெயரிலேயே மயார் வினை என்கிறோம். தோசையின் அடிப்பக்கம் சிவப்பதும், காபிக்கொட்டை வறுபடும் மணமும் இதே குடும்பம். இது வேகமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நிற்கும். அதனால்தான் தண்ணீரில் போட்ட கறி எத்தனை மணி நேரம் வெந்தாலும் சிவக்காது.

எனவே கறியைக் கழுவினால் வடியவிட்டு, சுத்தமான துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு பிரட்டி, முடிந்தால் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பும் உலரும். பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு ஸ்பூன் எண்ணெய். ஒரு கிலோ கறியை மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, நீர் விட்டு, கறி தன் சாற்றிலேயே அவியத் தொடங்கும். போட்ட துண்டை உடனே கிளறவும் கூடாது. மூன்று நான்கு நிமிடம் அப்படியே விட்டால் அடிப்பக்கம் சிவந்து தானே பாத்திரத்தை விட்டுவிடும். இரண்டு பக்கம் சிவந்தால் போதும், ஆறு பக்கமும் தேவையில்லை.

கறியை எடுத்தபின் பாத்திரத்தின் அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். கருகிவிட்டது என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், ஸ்டூவின் ருசியில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. தொட்டு நக்கிப் பாருங்கள்: கசந்தால் கருகல், உப்பும் இனிப்புமாக இருந்தால் சரியான பதம். அதே பாத்திரத்தில் பெரிய வெங்காயம் இரண்டை நறுக்கிப் போட்டால், வெங்காயம் விடும் நீரிலேயே படலம் இளகத் தொடங்கும். நாலைந்து பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்த்து மாவின் பச்சை வாசனை போக வதக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். தண்ணீர் மொத்தம் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். எலும்புச் சாறு இருந்தால் இன்னும் நல்லது. வைன் ஊற்றுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் ஊற்றிப் பாதியாக வற்றவிடுவார்கள். வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், ஸ்டூ நிற்பது அதன்மேல் அல்ல.

வறுத்த கறியையும், தட்டில் அது விட்ட சாற்றையும் சேர்த்து, மிளகுத்தூள், ஒரு கொத்து தைம் என்ற மூலிகை, ஒரு பே இலை. இலை பற்றி ஒரு வார்த்தை: மேல்நாட்டுச் செய்முறைகளில் வரும் பே இலை வேறு மரம், நம் பிரிஞ்சி இலை வேறு மரம். பிரிஞ்சியில் பட்டை, கிராம்பின் சாயல் தூக்கலாக இருக்கும். அதுதான் இருக்கிறது என்றால் பாதி இலை போடுங்கள், இல்லையென்றால் ஸ்டூ பிரியாணி பக்கம் சாய்ந்துவிடும்.

காய்கறிக்கு வருவோம். புளிக்குழம்பு வைக்கும் எந்த வீட்டிலும் ஒன்று சொல்வார்கள்: காய் வேகும் முன் புளியை ஊற்றாதே, ஊற்றினால் காய் வேகாது. இது முழுக்க உண்மை. காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. வைன், தக்காளி விழுது எல்லாமே புளிப்புதான். அவற்றை நிறைய ஊற்றிய ஸ்டூவில் உருளைக்கிழங்கு ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் நறுக்கென்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான் தக்காளி விழுது ஒரே ஒரு மேசைக்கரண்டிதான் போடுவேன், அதையும் வெங்காயத்தோடு வதக்கிவிடுவேன். கூடுதல் புளிப்பு வேண்டுமென்றால் இறக்கும்போது ஒரு ஸ்பூன் வினிகர் போதும்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் முதலிலேயே போட்டால் மூன்று மணி நேரத்தில் கூழாகிவிடும். கறி முக்கால் பதம் வெந்ததும், அதாவது முடிவதற்கு 45 நிமிடம் இருக்கும்போது, பெரிய துண்டுகளாகச் சேர்த்தால் கறியும் காயும் ஒன்றாக வந்து சேரும். அரை கிலோ உருளைக்கிழங்கு, மூன்று கேரட். குக்கரில் செய்தால், கறி வெந்து திறந்த பிறகு காயைப் போட்டுத் திறந்தபடியே வேகவிடுங்கள்.

கேரளத்தின் இஷ்டு சாப்பிட்டவர்களுக்கு இதெல்லாம் படிக்கும்போது ஒரு சந்தேகம் வரும். ஆங்கில ஸ்டூ என்ற சொல்தான் அங்கே இஷ்டு ஆனது. ஆனால் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் ஆப்பத்தோடு வைக்கும் இஷ்டு வெள்ளையாக இருக்கும். கறியை அவர்கள் சிவக்க வறுப்பதில்லை. இஞ்சி, பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகோடு இரண்டாம் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கெட்டியான முதல் பாலை இறக்கும் நேரத்தில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் எடுப்பார்கள். மயார் வினையின் மணம் அங்கே வேண்டாம், அது தேங்காய்ப் பாலின் மென்மையை அமுக்கிவிடும். ஆனால் கொலாஜன் கரையும் கணக்கு அங்கேயும் அதேதான். அந்தக் கறியும் முதலில் இறுகி, அப்புறம்தான் இளகும்.

ஸ்டூவை அன்றே சாப்பிடலாம். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் பெரிய பாத்திரத்தோடு இரவு முழுக்க மேடையில் வைத்துவிடாதீர்கள். ஆற நேரமெடுக்கும் இறைச்சிச் சாறு சில கிருமிகள் பெருக ஏற்ற இடம். அகலமான, ஆழமில்லாத இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

காலையில் டப்பாவைத் திறந்து பாருங்கள். மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், ஸ்பூனால் அப்படியே தூக்கிவிடலாம். அதன் கீழே நேற்றுவரை குழம்பாக இருந்தது இப்போது கடற்பாசி போலக் கட்டியாக நிற்கும். டப்பாவை ஆட்டினால் மொத்தமாகக் குலுங்கும். கடையில் ஜவ்வு என்று ஒதுக்க இருந்ததுதான் இது. தண்ணீர் சேர்க்காமல் அந்தக் கட்டியை அப்படியே பாத்திரத்தில் சரித்து, மூடி, சிறு தீயில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து இளகி மறுபடி சாறாகிவிடும். நன்றாக ஒரு கொதி வந்ததும், நறுக்கிய பார்ஸ்லி இருந்தால் தூவி, ரொட்டியோடோ சோற்றோடோ சாப்பிடலாம்.